சட்டப் பிரிவின் தலைமைப் பொறுப்பு வந்திருக்கிறது, போகலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். உயர் நீதிமன்றத்தில் கூடுதல் அரசு வழக்கறிஞராக இருக்கிறேன். மொத்தம் 17 வருடப் பிராக்டிஸ். அரசு ஊழியர்கள் மீதான ஊழல், முறைகேட்டுப் புகார்களை விசாரிக்கும் மாநில அளவிலான சட்டபூர்வ அமைப்பு ஒன்றில், சட்டப் பிரிவுக்குத் தலைமை ஏற்க அழைப்பு வந்திருக்கிறது. முழுநேர வேலை. கீழே சில சட்ட அலுவலர்கள் இருப்பார்கள். அயற்பணியில் வந்த போலீஸ் அதிகாரிகள், பொறியாளர்கள், தணிக்கை ஆட்கள் எல்லோருடனும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்குத் தெரியாத சட்டத்தை நான் என்ன சொல்லிவிடப் போகிறேன் என்று ஒரு தயக்கம். ஜூனியர்கள் இரண்டு பேரைத் தவிர யாரையும் வைத்து வேலை வாங்கிய அனுபவமும் கிடையாது. எல்லாவற்றையும்விட, ஒரு கோப்பில் நான் ஒன்று எழுதி, மேலே அதை மாற்றி எழுதச் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்துத் தூக்கம் வரவில்லை. போகலாமா? என் பெயர் வேண்டாம்.

பதில்: போகலாம். நீங்கள் சொன்ன கவலைகளில் மூன்றாவதுதான் பெரிய கவலை. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் முதல் இரண்டும் தெளிவானால் அது பாதியாகக் குறைந்துவிடும். என் வேலைக்காலத்தின் பிற்பாதி இப்படிப்பட்ட ஓர் அமைப்பின் சட்டப் பிரிவில்தான் போனது, அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

அரசு வழக்கறிஞரிடம் கோப்பு எப்போது வரும்? எல்லாம் முடிந்த பிறகு. ஆணை போட்டாயிற்று, பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுவிட்டார், நீதிபதி இரண்டு வாரம் டைம் கொடுத்திருக்கிறார், துறையிலிருந்து ஒரு பிரிவு அலுவலர் கட்டைத் தூக்கிக்கொண்டு சேம்பருக்கு வருகிறார், நீங்கள் உட்கார்ந்து அந்த ஆணையை எப்படியாவது காப்பாற்றுகிற மாதிரி ஒரு கவுன்ட்டர், அதாவது பதில் மனு, தயார் செய்கிறீர்கள். 17 வருடமாகக் கை பழகியிருப்பது இந்த வேலைக்கு. புதிய இடத்தில் இந்தப் பழக்கத்தை முதல் நாளே வாசலில் விட்டுவிட வேண்டும். மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: சட்டபூர்வ அமைப்பு ஒன்று போட்ட ஆணை நிற்குமா நிற்காதா என்பதை அந்த ஆணையில் எழுதியிருக்கிற காரணங்களை வைத்துத்தான் பார்ப்பார்கள், பிறகு பிரமாண வாக்குமூலத்தில் புதுக் காரணங்களைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. இத்தனை நாளும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் இதை உங்களுக்கு எதிராகக் காட்டியிருப்பார்கள். இனி அறிக்கை கையெழுத்தாகும் முன்பே இதை நினைத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள். சட்டப் பிரிவு விசாரணையின் கடைசியில் உட்கார்ந்திருந்தால் அது தபால் பிரிவு மாதிரிதான் ஆகிவிடும். புகார் பதிவாகிற அன்றே நீங்கள் உள்ளே இருக்க வேண்டும்.

இப்போது நீதிபதி விஷயம். சட்டம் அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க எப்படி முடிவெடுத்துப் பழகினார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஒரு பக்கம் வாதாடினார், இன்னொருவர் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார், இரண்டையும் கேட்டுவிட்டு இவர் தீர்ப்பு எழுதினார். இங்கே அந்த இன்னொருவர் இல்லை. புகார்தாரர் சொன்னது இருக்கிறது, விசாரணை அதிகாரி மாதக்கணக்கில் அலைந்து திரட்டியது இருக்கிறது, அவர் மனதில் உருவாகிவிட்ட ஒரு முடிவும் இருக்கிறது, இவை எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் பேசுகிற ஒரு கோப்பாக மேலே போகிறது. அந்தக் கோப்பில் இல்லாத ஆள் யாரென்றால் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி. அவருக்காகவும் ஒருவர் அதைப் படித்தாக வேண்டும், அதுதான் உங்கள் வேலை. அவரைக் காப்பாற்றுவதற்காக அப்படிப் படிக்கச் சொல்லவில்லை. உண்மையிலேயே தப்பு செய்தவர் ஓட்டை வழியாகத் தப்பித்துவிடக் கூடாது என்பதும், தப்பே செய்யாதவர் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதும் இந்த இடத்தில் ஒரே வேலையாகிவிடுகின்றன. எனக்கு இந்த வேலையில் இருந்த பிடிப்பே அதுதான்.

கர்நாடகத்தின் ஊழல் விசாரணை அமைப்பான லோக் ஆயுக்தாவின் சுரங்க அறிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூலையில் வந்த அந்த அறிக்கையால் ஒரு முதலமைச்சர் பதவி விலகினார். நாட்டில் இந்த மாதிரி அமைப்பு ஒன்று எழுதிய அறிக்கைகளில் அவ்வளவு விளைவு ஏற்படுத்தியவை குறைவு. ஆனால் 2012 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவர் தொடர்பான பகுதியையும் அதன் அடிப்படையில் பதிவான எஃப்.ஐ.ஆரையும் ரத்து செய்தது. அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்படவில்லை என்பது அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. யார் சரி, யார் தப்பு என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. அத்தனை பேருடைய அத்தனை கால உழைப்பு, ஒரு நோட்டீஸ் போயிருக்க வேண்டிய இடத்தில் போகாததால் எந்த அளவுக்கு ஆட்டம் காணும் என்பதை மட்டும் பாருங்கள். விசாரணைக் கமிஷன் சட்டத்தின் 8பி பிரிவைப் பற்றி 1989-ல் கிரண் பேடி வழக்கிலும் 2003-ல் அத்வானி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதேதான்: ஒருவருடைய நற்பெயருக்குப் பாதிப்பு வரும் என்றால் அவரை அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். மத்தியில் இதே மாதிரி அமைப்புக்கான லோக்பால் சட்டத்தின் 20-ஆவது பிரிவிலும் அது எழுத்திலேயே இருக்கிறது.

நோட்டீஸ் கொடுத்தால் அவர் உஷாராகிவிடுவார், ஆதாரத்தை அழித்துவிடுவார் என்று விசாரணை அதிகாரிகள் சொல்வார்கள். சில வழக்குகளில் அது நியாயமான பயம்தான், அங்கே ஆவணங்களை முதலில் கைப்பற்றிவிட்டுப் பிறகு நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் கேட்காமல் எழுதுவதைவிடக் கேட்டுவிட்டு எழுதும் அறிக்கைதான் பலமாக இருக்கும் என்பதை அவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு மாதிரி சொல்கிறேன். சாலைப் பணி ஒன்றைப் பற்றிய வரைவு அறிக்கையில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வையுங்கள்: 'கோட்டப் பொறியாளர் ஒப்பந்ததாரருடன் கூட்டுச் சேர்ந்து உள்நோக்கத்துடன் செயல்பட்டு அரசுக்குப் பெருத்த இழப்பை ஏற்படுத்தினார் என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது.' படிக்கும்போது கோபம் வருகிற மாதிரி இருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. கூட்டுச் சேர்ந்தார் என்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. பெருத்த இழப்பு என்றால் எவ்வளவு, யார் கணக்குப் போட்டது என்று கேட்டாலும் வராது. இந்த வரியை உயர் நீதிமன்றத்தில் உடைக்க ஒரு சீனியர் வக்கீலுக்கு ஐந்து நிமிடம் போதும்.

அதே கோப்பை நோட்டீஸ் கொடுத்துப் பதில் வாங்கிய பிறகு இப்படி எழுதலாம்: 'ஒப்பந்ததாரருக்கான பணப் பட்டியல் மார்ச் 14 அன்று பாஸ் செய்யப்பட்டிருக்கிறது. சரிபார்ப்பு அளவீடு அளவுப் புத்தகத்தில் (எம்-புக்) மார்ச் 19 என்று தேதியிட்டுப் பதிவாகியிருக்கிறது. சரிபார்க்கும் முன்பே பணம் எப்படி வழங்கப்பட்டது என்று கேட்டதற்கு, அளவீடு 12-ஆம் தேதியே நடந்துவிட்டது, பதிவுதான் தாமதமானது என்று கோட்டப் பொறியாளர் எழுத்துபூர்வமாக விளக்கம் அளித்தார். அளவிட்டதாகச் சொல்லப்படும் உதவி செயற்பொறியாளர் 12-ஆம் தேதி வேறு மாவட்டத்தில் பயிற்சியில் இருந்ததைப் பயிற்சி மையத்தின் வருகைப் பதிவேடு காட்டுகிறது. எனவே இந்த விளக்கத்தை ஏற்க இயலவில்லை.' இதில் ஒரு பெயரடைகூட இல்லை, உள்நோக்கம் என்ற சொல்லே இல்லை, ஆனால் இந்தப் பத்தியை யாராலும் அசைக்க முடியாது. அந்த 12-ஆம் தேதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நோட்டீஸ் போனதால் அவரே கொடுத்தது. நோட்டீஸ் போகாமல் இருந்தால் இதே விளக்கத்தை அவர் முதல் தடவையாக நீதிமன்றத்தில் சொல்லியிருப்பார், அங்கே வருகைப் பதிவேட்டோடு யாரும் நிற்க மாட்டார்கள். மாறாக, அந்த உதவி செயற்பொறியாளர் 12-ஆம் தேதி நிஜமாகவே சைட்டில் இருந்திருந்தால், அதுவும் நமக்குத் தெரிந்திருக்கும், ஒரு நல்ல மனிதரின் ஓய்வூதியம் வருடக்கணக்கில் முடங்காமல் தப்பியிருக்கும்.

வரைவு ஒவ்வொன்றையும் இப்படி வரி வரியாகப் படித்து, ஓரத்தில் 'ஆதாரம் எங்கே, எந்தப் பக்கம்' என்று எழுதுகிற ஆள் நீங்கள். ஆரம்பத்தில் எரிச்சல்படுவார்கள். இரண்டு அறிக்கைகள் நீதிமன்றத்தில் அசையாமல் நின்றுவிட்டால் அவர்களே வரைவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

புகார் வந்த முதல் நாளிலேயே பார்க்க வேண்டியவை என்று சில உண்டு, உங்களுக்குத் தெரிந்தவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் நம் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறாரா, சம்பவம் நடந்த தேதி காலவரம்புக்குள் இருக்கிறதா (லோக்பால் சட்டத்தில் ஏழு வருடம், உங்கள் மாநிலச் சட்டத்தில் என்ன என்று பாருங்கள்), ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 17ஏ பிரிவின்படி விசாரணைக்கே முன் அனுமதி தேவைப்படுகிற ரகமா, தேவையென்றால் யாரிடம் கேட்க வேண்டும், கடைசியில் வழக்குத் தொடுக்க 19-ஆவது பிரிவின் அனுமதி யாரிடமிருந்து வர வேண்டும். இதையெல்லாம் ஆறு மாதம் விசாரித்த பிறகு கண்டுபிடித்தால் அந்த ஆறு மாதமும் வீண். இன்னொன்று, இந்தக் கேள்விகளுக்குச் சட்டப் பிரிவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லா அமைப்புகளிலும் சட்டப் பிரிவுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு, அங்கே போன கோப்பு தூங்கும் என்று. சில சமயம் அது உண்மையும்கூட. ஒரு விசாரணை அதிகாரி கேட்ட கேள்விக்கு மூன்று வாரம் கழித்து 'ஆய்வில் உள்ளது' என்று பதில் போனால், அடுத்த தடவை அவர் கேட்கவே மாட்டார், கேட்காமலே செய்துவிடுவார். அங்கேதான் வழக்கு கெடுகிறது. முழுமையான கருத்துரை தயாராகவில்லை என்றால் போனைப் போட்டு 'இதுவரைக்கும் போங்கள், இதற்கு மேல் போக வேண்டாம், வெள்ளிக்கிழமை எழுத்தில் தருகிறேன்' என்று சொல்லுங்கள், சொன்னபடி தாருங்கள்.

புகார்தாரர் பெயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலுவலகங்களில் இது யார் பொறுப்பும் இல்லாமல் கிடக்கும். சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர், நெடுஞ்சாலைப் பணிகளில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார், தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டும் இருந்தார். அந்தக் கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் அவர் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றுதான் வழக்கு முடிந்தது. ஆனாலும் ரகசியம் கேட்டவரின் பெயர் அப்படிச் சுற்றியது எவ்வளவு பெரிய கொடுமை என்று நாடே பதறியது, 2004-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தில் ரகசியமாகப் புகார் கொடுக்க வழி செய்யும் தீர்மானம் வந்தது. ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடக்கிறது. சட்டம் கை கொடுக்காத இடத்தில் அலுவலக ஒழுங்குதான் காப்பாற்ற வேண்டும். துறைக்கு அறிக்கை கேட்டுக் கடிதம் போகும்போது புகாரின் நகலை அப்படியே இணைத்து அனுப்புகிற பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று போன முதல் வாரமே பாருங்கள். இருந்தால் அன்றே நிறுத்துங்கள். புகாரின் சாராம்சத்தை மட்டும் தனியாக டைப் செய்து அனுப்பினால் போதும், எழுத்து நடையில்கூட ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் வரும் மனுக்களும் உங்கள் மேசைக்குத்தான் வரும். 'விசாரணை நிலுவையில் உள்ளது, 8(1)(எச்) பிரிவின்படி மறுக்கப்படுகிறது' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் தள்ளிவிடும் வழக்கம் இருக்கும். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவலைக் கொடுத்தால் விசாரணைக்கு எப்படித் தடையாகும் என்று காரணம் காட்ட வேண்டும் என்று 2007-ல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்ற எல்லோரையும் கணக்குக் கேட்கிற அலுவலகம் தன்னைக் கேட்டால் கதவைச் சாத்துவது அசிங்கம்.

சரி, ஆட்களை வைத்து வேலை வாங்குவது. அதட்டத் தெரியாதே, நிர்வாகம் படிக்கவில்லையே என்றெல்லாம் கவலை வேண்டாம். உங்கள் கீழும் பக்கத்திலும் இருக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அயற்பணியில் வந்தவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் தாய்த் துறைக்குத் திரும்ப வேண்டியவர்கள். இன்று ஒரு உதவிப் பொறியாளர் உங்களுக்காக ஒரு எஸ்டிமேட்டைப் பரிசோதித்து, இதில் அளவு கூட்டிக் காட்டப்பட்டிருக்கிறது என்று எழுதுகிறார் என்றால், யாருக்கு எதிராக எழுதுகிறாரோ அவர் நாளைக்கே இவருக்கு மேலதிகாரியாக வரலாம். இவர் மகள் ஒரு ஊரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருப்பாள், இவரை வேறு ஒரு மூலைக்கு மாற்றிவிடுவார்கள். இந்தப் பயம் அவர் பேனாவில் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அறிக்கை வழவழவென்று வரும், 'இருக்கலாம் எனத் தோன்றுகிறது', 'மேலும் ஆராயப்படலாம்' என்று. அதைப் பார்த்துவிட்டு இவருக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இங்கேதான் தலைமை என்பது வருகிறது. அவர் செய்ய வேண்டியது அளவெடுப்பதும் கணக்கைச் சொல்வதும் மட்டுமே, அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதை நீங்கள் உங்கள் பெயரில் எழுதுங்கள். வெளியே போகிற கடிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். கூட்டத்தில் தலைவர் 'இது யார் சொன்னது' என்று கோபமாகக் கேட்டால் 'நான் சொன்னது சார்' என்று நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். நாலு பேர் பார்க்க ஒரு தடவை இதைச் செய்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு உங்களுக்கு வருகிற அறிக்கைகளின் நடையே மாறிவிடும். அவர்கள் திரும்பிப் போகும்போது நல்லதாக ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள், தாய்த் துறையில் போஸ்டிங் எங்கே போட்டார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழிவாங்கல் மாதிரித் தெரிந்தால் தலைவரைக் கொண்டு துறைச் செயலாளருக்கு எழுத வையுங்கள். எல்லாத் தடவையும் பலிக்காது, ஆனாலும் எழுதுங்கள்.

உங்கள் சொந்தச் சட்ட அலுவலர்களைப் பொறுத்தவரை, கடினமான கோப்புகளையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல வக்கீல்கள் தலைமைக்கு வந்தால் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், தானே எழுதினால் நன்றாக வரும் என்று ராத்திரி பத்து மணி வரை எழுதிக்கொண்டிருப்பார்கள், கீழே இருப்பவர்கள் அஞ்சல் குறிப்பு போட்டே வயதாகிவிடுவார்கள். வரைவை அவர்களிடம் கொடுங்கள், திருத்தியதை ஏன் திருத்தினோம் என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள், தலைவரிடம் போகும்போது அவர்களையும் அழைத்துப் போங்கள். அப்புறம், முடித்துவைக்கிற கடிதங்கள். இந்த அமைப்புகளுக்கு வருகிற புகார்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு காரணத்தால் முடித்துவைக்கப்படும், அதுதான் யதார்த்தம். ஒரு விதவைப் பெண் தன் கணவரின் பணப்பலன்களை விடுவிக்க லஞ்சம் கேட்டார்கள் என்று நாலு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருப்பார். அவருக்கு 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது' என்று ஒரு வரியில் பதில் அனுப்பினால், அரசாங்கத்தின் மேல் அவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் அன்றோடு போய்விடும். என்ன பார்த்தோம், ஏன் மேலே போக முடியவில்லை, இதற்கு மேல் அவர் எங்கே போகலாம் என்று பத்து வரி எழுத ஒரு சட்ட அலுவலருக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை நீங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது கவலைக்கு வருகிறேன். இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு கருத்துரை எழுதுகிறீர்கள், தலைவரோ அமர்வோ அதை ஏற்கவில்லை, வேறு முடிவு எடுக்கிறார்கள். இதில் ஒரு தப்பும் இல்லை. சட்டம் முடிவெடுக்கும் அதிகாரத்தை அவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது, உங்களுக்கு இல்லை. உங்கள் குறிப்பு கோப்பில் இருக்கும், அவர்கள் காரணம் எழுதி மாற்று முடிவு எடுத்ததும் கோப்பில் இருக்கும், நாளைக்கு ரிட் வந்தால் அவர்கள் முடிவை நீங்கள் முழு மனதோடு தாங்கிப் பேச வேண்டும். இதற்கெல்லாம் மனம் சுருங்கினால் இந்த வேலை ஒத்துவராது.

இன்னொன்று, நீங்கள் எழுதியதையே மாற்றி எழுதச் சொல்வது. இது பெரும்பாலும் நேரடியாக வராது. கோப்பு 'பேசவும்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும். உடனே பதற வேண்டாம், பாதி நேரம் நிஜமாகவே ஒரு சந்தேகம் கேட்கத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பேசுங்கள். பேச்சில் உங்களுக்குத் தெரியாத ஒரு உண்மை தெரியவந்து உங்கள் கருத்து மாறினால், அதை அப்படியே எழுதுங்கள்: இன்ன தேதியில் விவாதிக்கப்பட்டது, இன்ன ஆவணம் காட்டப்பட்டது, அதன் அடிப்படையில் முந்தைய கருத்து இன்ன அளவுக்கு மாற்றப்படுகிறது. மாறவில்லையென்றால், விவாதிக்கப்பட்டது, முன் குறிப்பில் சொன்ன கருத்தில் மாற்றமில்லை, உரிய முடிவுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது என்று இரண்டே வரி எழுதிக் கோப்பை மேலே அனுப்பிவிடுங்கள். மரியாதையாக, சுருக்கமாக, கோபமே தெரியாமல். 'பேசவும்' என்று வந்த கோப்பு உங்கள் மேசையிலேயே கிடந்தால்தான் ஆபத்து, அதுதான் உங்களைக் கரைக்கும்.

பழைய குறிப்புத் தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைப்பது, தேதியை முன்னால் போடுவது, சாட்சி சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது, இவற்றில் எதையாவது கேட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும், அங்கே பேச்சுக்கே இடமில்லை. குறிப்புப் பக்கங்களுக்கு அன்றன்றைக்கே வரிசை எண் போடுகிற பழக்கத்தை முதலிலேயே கொண்டுவந்துவிட்டால், இப்படிக் கேட்கிற துணிச்சலே பலருக்கு வராது. அதையும் மீறி அழுத்தம் வந்தால் பதவியை விட்டுவிட்டு வாருங்கள், பிராக்டிஸுக்குத் திரும்பத் தெரிந்த ஆள்தானே நீங்கள். ஆனால் ஏற்கப்படாத கருத்துக்காக ராஜினாமா செய்யாதீர்கள். அதற்காகப் போனால் அடுத்து அந்த நாற்காலியில் மறுபேச்சே பேசாத ஒருவரை உட்கார வைப்பார்கள்.

எழுதும்போது ஒன்றை மனதில் வையுங்கள், முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் சட்ட ஆலோசகருக்கு, வழக்கறிஞருக்கு உள்ள தொழில்முறை ரகசியப் பாதுகாப்பு அதே அளவில் கிடைக்காது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு குறிப்பையும் ஒருநாள் ஒரு நீதிபதி படிப்பார் என்று நினைத்தே எழுதுங்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். யாருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்? தலைவருக்கா, அரசு அனுப்புகிற செயலாளருக்கா? செயலாளர் வழியாகத்தான் தலைவரை அணுக முடியும் என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள். பதவிக்காலம் எவ்வளவு, நடுவில் யார் நீக்க முடியும்? அப்புறம், அமைப்புக்காக உயர் நீதிமன்றத்தில் யார் ஆஜராவார்கள்? இது உங்களுக்கு உள்ளிருந்தே தெரியும்: நமது அறிக்கையை எதிர்த்து வழக்கு வரும்போது அரசும் ஒரு எதிர்மனுதாரர், நாமும் ஒரு எதிர்மனுதாரர், இரண்டு பேருக்கும் ஒரே அரசு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். அரசுக்கு அந்த அறிக்கை பிடிக்கவில்லையென்றால் என்ன ஆகும்? தனியாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் அதிகாரமும் அதற்கான நிதி ஒதுக்கீடும் இல்லாத அமைப்பில், எவ்வளவு நல்ல அறிக்கை எழுதினாலும் அது நீதிமன்ற வாசலில் அநாதையாக நிற்கும். இந்த ஒன்றுக்காக நீங்கள் பிடிவாதமாகவே இருக்கலாம்.

நீங்கள் அரசுக்காக ஆஜரான வழக்குகள் எல்லாவற்றையும் பட்டியல் எடுத்துச் சேரும் நாளிலேயே தலைவரிடம் கொடுத்து, அவை சம்பந்தப்பட்ட கோப்புகள் உங்களிடம் வராது என்று எழுதி வாங்குங்கள். தாமஸ் வழக்கில் 2011-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரின் நியமனத்தையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, அந்த மனிதர் நல்லவரா என்பதைத் தாண்டி அமைப்பின் நேர்மை கேள்விக்குள்ளாகிறதா என்றுதான் பார்த்தது. சன்னது (வழக்கறிஞர் உரிமம்) விஷயம் உங்களுக்கே தெரியும், பார் கவுன்சில் விதி 49-இன்படி முழுநேரச் சம்பள வேலைக்குப் போவதைத் தெரிவிக்க வேண்டும், பிராக்டிஸ் செய்ய முடியாது. திரும்பி வரும்போது சிக்கல் இல்லாமல் இருக்க இப்போதே கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். வருமானம் குறையும், அதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், நான் சொல்ல ஒன்றுமில்லை.

சேர்ந்த முதல் மாதம் புதுக் கோப்புகளில் மூழ்காமல், கடந்த சில வருடங்களில் அந்த அமைப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போன வழக்குகளின் தீர்ப்புகளை எடுத்துப் படியுங்கள், தோற்றவற்றை முதலில். எந்த இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள் என்று தெரிந்துவிடும், நோட்டீஸிலா, காரணம் எழுதாததிலா, அனுமதியிலா என்று. உங்கள் முதல் வருடத்து வேலை அங்கேயே கிடைத்துவிடும். நியமனக் கடிதத்தின் வரைவு வந்ததும் பதவிக்காலம் பற்றிய பத்தியையும், யாருக்குக் கீழே என்ற பத்தியையும் எனக்கு அனுப்பி வையுங்கள், கையெழுத்துப் போடும் முன் பார்த்துச் சொல்கிறேன்.